கிராமத்தில் பாலர் மையம் தொடங்குகிறீர்களா? வேன் வரும் நேரத்தை முதலில் கேளுங்கள்

நாங்கள் மையம் திறந்த முதல் நாள் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தோம். உள்ளே புதுப் பாய், சுவரில் யானை, கிளி, மாம்பழம். பெயர் கொடுத்திருந்தவர்கள் 18 பேர். காலை ஒன்பதரைக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பத்தரை வரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்று பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒன்று எங்கள் ஆயாவின் பேத்தி.

மறுநாள் ஒரு அப்பத்தாதான் விஷயத்தைச் சொன்னார். "ஆறு மணிக்கு வேன் வந்துரும். பொம்பளைங்க எல்லாம் தக்காளி பறிக்கப் போயிருவாங்க. ஒன்பதரைக்கு யாரு இதுகளக் குளிப்பாட்டித் தலைசீவி இங்க கொண்டாந்து விடுறது? எனக்கு முட்டி வலி."

திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் அனுப்பும் ஊர்களில் ஒன்று அது. தக்காளி, முருங்கை, கத்தரி எல்லாம் வெயில் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டும். மில்லுக்குப் போகும் பெண்களுக்கோ பஸ் அதற்கும் முன்னால். நாங்கள் பள்ளிக்கூட நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தோம். ஊருக்கு அந்த நேரம் ஒத்து வரவில்லை. இரண்டு வாரம் கழித்துக் காலை 5.45-க்குத் திறந்தோம். மாதக் கடைசியில் 26 பிள்ளைகள்.

சிறு அறக்கட்டளையோ சங்கமோ வைத்துக்கொண்டு ஊரில் ஒரு பாலர் மையம் தொடங்க நினைப்பவர்கள் அவ்வப்போது என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வேலைகள் நடக்க வேண்டிய வரிசை இது. நாங்கள் இதே வரிசையில் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் மாதம்: கையில் ஒரு நோட்டு, காலில் செருப்பு

கட்டடம் தேடாதீர்கள், பெயர்ப்பலகை எழுதாதீர்கள். ஒரு மாதம் ஊரை நடந்து பாருங்கள். ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நாலு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: பிள்ளையின் வயது, அம்மா எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறார், பகலில் பிள்ளை யார் கையில் இருக்கிறது, வீட்டுக்கும் நீங்கள் நினைக்கும் இடத்துக்கும் நடுவே கிணறு, ஓடை, மெயின் ரோடு எது குறுக்கே வருகிறது. பகலில் போனால் கிழவிகள்தான் இருப்பார்கள். அவர்களிடம் பேசுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் திரும்பப் போய் அம்மாக்களிடம் பேசுங்கள். அவர்கள் அடுப்பு முன்னால் இருப்பார்கள், உங்களை உட்காரச் சொல்ல நேரம் இருக்காது. பரவாயில்லை, நிலைப்படியில் நின்றே கேளுங்கள்.

மூன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா வாரத்தில் இரண்டு நாள் லீவு போட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள் என்பதெல்லாம் இந்த நடையில்தான் தெரியும். மையம் திறந்தால் அந்த அக்காவும் பள்ளிக்கூடம் போவாள். இதைத் தனியாக எழுதி வையுங்கள். பின்னால் பணம் கேட்கப் போகும்போது நூறு புகைப்படத்தைவிட இந்த ஒரு பக்கம் உதவும்.

அடுத்து, ஊரில் அங்கன்வாடி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில், அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. இன்று அங்கன்வாடி இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம் ஊரில் அதை யாரும் அங்கன்வாடி என்று சொல்வதில்லை, பால்வாடிதான். பால் கொடுக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். 'பால்' என்றால் வடக்கே குழந்தை, 'வாடி' என்றால் தோட்டம்.

அந்தச் சொற்கள் புழக்கத்துக்கு வந்த கதை நமக்கு வேண்டியதுதான். 1945-ல் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் மும்பைக்கு வடக்கே போர்டி என்ற ஊரில் கிராமக் குழந்தைகளுக்கென ஒரு மையம் தொடங்கினார்கள். பிறகு கோஸ்பாட் என்ற மலைப்பக்கம் போனார்கள். அங்கே வார்லி பழங்குடிப் பிள்ளைகள் வகுப்புக்கு வரவில்லை. மாடு மேய்க்கவும் தம்பி தங்கையைத் தூக்கவும் வீட்டுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். உடனே பெற்றோரைத் திட்டிக்கொண்டிருக்காமல், வகுப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் குடியிருப்பின் முற்றத்தில் வைத்தார்கள். அங்கன் என்றால் முற்றம். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடத்தினார்கள். மையத்தின் நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்ய உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும்.

சரி, ஊரில் அங்கன்வாடி நன்றாக நடந்தால்? போட்டிக்கு இன்னொன்று வைக்காதீர்கள். அங்கன்வாடி திறக்கும் முன்னாலும் மூடிய பின்னாலும் உள்ள நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடியலிலிருந்து ஒன்பதரை வரை, பிறகு மூன்றரையிலிருந்து ஆறரை வரை. நடுவில் பிள்ளைகளைக் கைபிடித்துக் கூட்டிப்போய் அங்கே விட்டுவிட்டு வாருங்கள். முழுநாளும் நீங்களே நடத்தினாலும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கட்டும். சத்துமாவும் தடுப்பூசியும் அந்தப் பட்டியலை வைத்துத்தான் வரும். ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நல மருத்துவக் குழுவும் அதை வைத்துத்தான் பார்க்கும். அங்கன்வாடி டீச்சர் உங்களைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார். அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அப்படித்தான் பார்ப்பீர்கள். முதல் மாதமே போய் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பதிவும் காகிதமும்

இது சலிப்பான பகுதி, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். சங்கம் என்றால் 1975-ம் வருடச் சங்கப் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம், குறைந்தது ஏழு பேர். பிறகு பான் அட்டை, வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் இரண்டு பதிவுகள்: உங்கள் வருமானத்துக்கு வரிவிலக்குத் தருவது ஒன்று, நன்கொடையாளருக்கானது இன்னொன்று (12ஏ, 80ஜி என்று சொல்லிவந்தவை). இரண்டாவது இருந்தால்தான் கொடுப்பவருக்கு வரிச்சலுகை. அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் நிதானம் வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர் இந்திய பாஸ்போர்ட்டோடு இருந்து, தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அவரே அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ம் வருட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தொடக்கூடாது.

தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கெனத் தமிழ்நாட்டில் 2015-ல் வந்த விதிமுறைகள் இருக்கின்றன. கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் என்று சான்றிதழ்கள் வாங்க வேண்டும். உங்கள் மையம் எந்த வகையில் வரும் என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி நாங்கள் எட்டு மாதம் அலைந்தோம்.

இடம்

ஓலைக் கூரை வேண்டாம். குளுமையாக இருக்கும், செலவு குறைவு, பார்க்க அழகு என்று யாராவது சொன்னால் 2004 ஜூலை 16-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் சமையலறையில் பிடித்த தீ ஓலைக் கூரை வழியாக வகுப்பறைக்குப் போய் 94 பிள்ளைகள் இறந்தார்கள். ஓடு, காங்கிரீட் எதுவானாலும் சரி. சமையல் தனிக் கட்டடம், நடுவில் இடைவெளி, சிலிண்டர் வெளியே. பிள்ளைகள் இருக்கும் அறைக்கு இரண்டு வாசல், இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும்.

அதைவிடக் கடினமான கேள்வி, எந்தத் தெருவில் என்பது. ஊருக்குள் இலவசமாக நல்ல வீடு கிடைக்கும். சந்தோஷமாக வாங்கிக்கொள்வீர்கள். காலனியிலிருந்து ஒரு பிள்ளையும் வராது. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். காலனிக்குள் வைத்தால் ஊர்ப் பிள்ளைகள் வர மாட்டார்கள், அதற்கு "தூரம்" என்று காரணம் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே, இரு பக்கமும் நடந்து வரும்படியான இடம் கிடைக்கும் வரை பொறுத்திருங்கள். கிடைக்கவில்லை என்றால் காலனியில் வையுங்கள், என் கட்சி அதுதான். வேலைக்குப் போகும் கட்டாயம் அங்கேதான் அதிகம். ஊர்ப் பெண்களும் வேன் நேரம் நெருக்கும்போது மெல்ல வந்துவிடுவார்கள். எங்களுக்கு அதற்கு ஒன்றரை வருடம் ஆனது.

தட்டு, தம்ளர், பந்தி எல்லாம் ஒன்றுதான், சமைப்பவர் யார் என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல மாட்டோம் என்று முதல் கூட்டத்திலேயே அறிவித்துவிடுங்கள். பிறகு ஒரு நாள் யாராவது ஒரு பெரியவர் வந்து "பிள்ளைக்கு நாங்களே சோறு கட்டிக் குடுத்துடுறோம்" என்று பணிவாகச் சொல்வார். அப்போது தடுமாறக் கூடாது.

இடத்தைச் சுற்றிப் பிள்ளை உயரத்துக்குக் குனிந்து ஒரு முறை நடந்து பாருங்கள். தண்ணீர்த் தொட்டி மூடி, துருப்பிடித்த கம்பி, கைக்கெட்டும் ஸ்விட்ச், பூச்சிமருந்து டப்பா வைத்த பக்கத்து வீட்டுத் திண்ணை. தரைக்கடித் தொட்டிக்கு இரும்பு மூடியும் பூட்டும் போட்ட பிறகுதான் திறப்பு விழா. பாதி நிறைந்த வாளிகூட இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆபத்து. கக்கூஸ் சின்னதாக, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லாமல் இருக்கட்டும். கைகழுவும் குழாயடியில் சோப்பை ஒரு வலைப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். காக்காயும் தூக்காது, சாக்கடையிலும் விழாது.

டீச்சரும் ஆயாவும்

20 பிள்ளைக்கு ஒரு டீச்சர், மூன்று வயதுக்குக் கீழே என்றால் பத்துக்கு ஒருவர் என்பது 2013-ல் வந்த மத்திய அரசின் முன்பருவக் கல்விக் கொள்கையின் கணக்கு. எவ்வளவு சிறிய மையமானாலும் ஒரே ஆளோடு திறக்காதீர்கள். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது?

டவுனிலிருந்து பஸ்ஸில் வரும் பட்டதாரியா, பத்தாவது படித்த உள்ளூர்ப் பெண்ணா என்றால் நான் உள்ளூர்ப் பெண்ணையே எடுப்பேன். 5.45-க்கு பஸ் கிடையாது. அதோடு, எந்த வீட்டில் நேற்று ராத்திரி சண்டை, எந்தப் பிள்ளை இன்று சுணங்கியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். பயிற்சி கொடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் மூன்று மாதம் எதையும் கற்றுக்கொடுக்கச் சொல்லாதீர்கள். பிள்ளையைத் தூக்கும் விதம், மூக்குச் சிந்திவிடும் விதம், அடம் பிடிக்கும்போது குரல் உயர்கிறதா இல்லையா, இதை மட்டும் கவனியுங்கள். அடிக்கிற கை என்றால் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் வேண்டாம்.

ஆயாவை வேலைக்காரியாக நடத்தும் மையங்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் தூங்கி எழும்போது முதலில் தேடுவது ஆயாவைத்தான். கூட்டத்தில் அவருக்கும் நாற்காலி போடுங்கள்.

காலை 5.45

இருட்டாக இருக்கும். முதல் பிள்ளை தூக்கத்திலேயே அம்மாவின் தோளில் வரும். வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். பிள்ளையை வாங்கிப் பாயில் போட்டுப் போர்த்திவிடுங்கள், அம்மாவிடம் கையெழுத்து, விசாரணை எதுவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "ராத்திரி காய்ச்சல் இருந்துச்சா?" பல் தேய்ப்பது, குளிப்பது, தலைசீவுவது எல்லாம் இங்கேதான். சீப்பு ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. இல்லாவிட்டால் ஒரு பேன் ஒரே வாரத்தில் ஊர் முழுக்கச் சுற்றும்.

இந்த நேரத்துக்கு வரும் பிள்ளைகள் பசியோடுதான் வருவார்கள். கடுங்காப்பியில் ஒரு வர்க்கி நனைத்துக் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு ஒன்றாம் வகுப்பு அண்ணன் பள்ளியில் உப்புமாவும் பொங்கலும் சாப்பிடுகிறான். வீட்டில் இருக்கும் மூன்று வயதுத் தம்பிக்கு அந்தத் திட்டம் இல்லை. அதனால் ஏழரைக்கு நீங்கள் போடும் காலைச் சாப்பாடுதான் அன்றைக்கு முக்கியமான சாப்பாடு. மத்தியானத்துக்கு என்னென்னமோ திட்டமிட்டுவிட்டுக் காலையில் பிஸ்கட்டோடு முடித்துவிடாதீர்கள். முதல் வருடம் நாங்கள் அதைத்தான் செய்தோம். பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகள் சிடுசிடுவென்று கடித்துக்கொண்டார்கள். ஒழுக்கம் போதவில்லை என்று உட்கார்ந்து கூட்டமெல்லாம் போட்டோம்!

2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது 3 முதல் 6 வயதுப் பிள்ளைக்குக் காலைச் சிற்றுண்டியும் சூடான மதியச் சாப்பாடும் சேர்த்து 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்றது. அதைக் கீழ் வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் மலிவாகக் கிடைப்பது கேழ்வரகு, கம்பு, தட்டைப்பயறு, முருங்கைக்கீரை. கேழ்வரகுக் கூழில் வெல்லம், பயறு சேர்ந்த பொங்கல், கீரை போட்ட பருப்புச் சோறு, முட்டை. கீரையைத் தனியாக வைத்தால் ஒதுக்கிவிடுவார்கள், பருப்போடு கடைந்துவிடுங்கள். வறுத்த கடலையை முழுசாகக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் போய் அடைக்கும். இடித்து உருண்டையாகப் பிடித்துக் கொடுங்கள். சமைத்ததைப் பிள்ளைகளுக்குப் போடும் முன் ஒரு பெரியவர் சாப்பிட்டுப் பார்த்து, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கிண்ணம் மாதிரி எடுத்து மறுநாள் வரை மூடி வையுங்கள்.

அழும் வாரங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதால் நமக்கே அழுகை வரும். எல்லாரையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள், வாரத்துக்கு நாலைந்து பேர் போதும். முதல் இரண்டு நாள் அப்பத்தாவோ அக்காவோ கூடவே உட்காரட்டும். மூன்றாம் நாள் அரைமணி வெளித்திண்ணையில். கண்ணில் படாமல் நழுவிப் போகச் சொல்லாதீர்கள். ஏமாந்த பிள்ளை மறுநாள் வாசலிலேயே கால் ஊன்றிவிடும். "போயிட்டு வர்றேன், சாயங்காலம் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அழுதால் அழட்டும், தூக்கி வைத்துக்கொள்ள நாம் இருக்கிறோம்.

ஒரு பையன் இருந்தான், மூன்றரை வயது. அம்மாவின் பழைய சேலைத் துணி ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஜன்னல் கம்பியோடு நின்றுவிடுவான். சாப்பிட மாட்டான், யாரிடமும் பேச மாட்டான், அழவும் மாட்டான். துணியை வாங்கி வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு டீச்சர் சொன்னார். வேண்டாம் என்றேன். ஆயா ஒரு சின்ன முக்காலியை அந்த ஜன்னலடியில் கொண்டுபோய்ப் போட்டார். தினமும் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். பதினோராம் நாள் அவன் கீழே உட்கார்ந்து ஒரு முருங்கைக் கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தான். துணி மட்டும் தீபாவளி வரை கையில் இருந்தது. அழாமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்று எனக்கு அவன்தான் புரியவைத்தான்.

நாள் முழுக்க என்ன செய்வது

பிள்ளைகள் தாங்களே கையால் செய்து கற்கும் முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்தினார். போர்க்காலத்தில் சில வருடம் எங்கள் கொடைக்கானலிலேயே இருந்தார். அவர் முறையில் செய்யும் மரச்சாமான் செட்டுகளின் விலையைப் பார்த்து மலைத்துப்போகாதீர்கள். ஊற்றுவது, அள்ளுவது, பிரிப்பது, துடைப்பது, மடிப்பது, இதற்கு வீட்டுச் சாமான் போதும். இரண்டு சொம்பும் தண்ணீரும், பயறும் கொள்ளும் கலந்த முறம், மணல், கொட்டாங்குச்சி, நொங்கு வண்டி, சோளத்தட்டை பொம்மை, உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டு. காலையில் ஓடியாடுவது, வெயில் ஏறியதும் கைவேலையும் கதையும், சாப்பிட்டதும் தூக்கம். அட்டவணையைச் சுவரில் ஒட்டலாம், ஆனால் மழை வந்தால் கிழித்துப் போட்டுவிட்டு எல்லாரும் முற்றத்தில் நனைய வேண்டும்.

கொட்டை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. புளியங்கொட்டையை எண்ணச் சொல்லிக் கொடுத்துவிட்டு நான் திரும்புவதற்குள் ஒருத்தி மூக்கில் ஒன்றைத் தள்ளிவிட்டாள். ஹேர்பின்னால் எடுக்கப் பார்த்தோம், இன்னும் உள்ளே போனது. கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கையில் சின்னக் கொட்டை, மணி எதுவும் வேண்டாம். போய்விட்டால் குத்தி எடுக்காதீர்கள்.

மூன்றாம் மாதம் பெற்றோர் கேட்பார்கள்: "எப்ப டீச்சர் எழுதச் சொல்லித் தருவீங்க? அந்த இங்கிலீஷ் மீடியம் வேன்ல போற பிள்ளை ஏபிசிடி சொல்லுது." கோபப்படாதீர்கள். கூலி வேலையிலிருந்து தன் பிள்ளை தப்பிக்க வேண்டும் என்ற பதற்றம்தான் அப்படிக் கேட்க வைக்கிறது. நாங்கள் ஒரு ராத்திரி ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கூட்டம் போட்டு, அம்மாக்கள் கையில் கோலமாவைக் கொடுத்து, வழக்கமாகப் போடும் கையை விட்டு மற்ற கையால் புள்ளிக்கோலம் போடச் சொன்னோம். ஒரே சிரிப்பு, கோடு எல்லாம் கோணல். "உங்களுக்கே மணிக்கட்டு இப்படின்னா மூணு வயசுப் பிள்ளைக்கு?" என்று டீச்சர் கேட்டார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தரையில் சாக்பீஸ், மணலில் விரல், கோலப்புள்ளி, பிறகு பெரிய தாள். ஐந்து வயதை நெருங்கும் பிள்ளைகளுக்குத் தங்கள் பெயரின் எழுத்துகளில் ஆர்வம் தானாக வரும். வந்ததும் சொல்லிக்கொடுங்கள்.

தராசும் நாடாவும்

மாதம் ஒரு நாள் எடை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரம். பதிவேட்டில் எண்ணாக எழுதி மூடி வைத்தால் பயனில்லை, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுங்கள். கோடு இரண்டு மாதம் படுத்துவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஐந்து வயது வரை மேல்கைச் சுற்றளவையும் நாடாவால் பாருங்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கவனம், 11.5-க்குக் கீழே என்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு, பூச்சி மாத்திரை எல்லாம் கிராம செவிலியர் கொண்டுவருவார், தேதியை அவரிடம் கேட்டுக் குறித்துவையுங்கள். பேச்சு வராத பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை இருந்தால் "வளர வளரச் சரியாகும்" என்று நீங்களும் சேர்ந்து சொல்லாதீர்கள். மாவட்டத்தில் ஆரம்ப இடையீட்டு சேவை மையம் இருக்கிறது, அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும் என்பதால் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

கெட்ட நாளுக்கு

யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று சேரும்போதே இரண்டு பெயர் வாங்குங்கள். குடித்துவிட்டு வரும் அப்பாவிடம் அனுப்பக் கூடாது என்பதையும் அம்மாவிடமே பேசி முடிவு செய்யுங்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, மந்திரம் எதுவும் வேண்டாம். ஆட்டாமல் அசைக்காமல் 108-ல் அரசு மருத்துவமனைக்கு. நாய் கடித்தால் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஊசிக்குப் போங்கள்.

பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்தது தெரிய வந்தால் 2012-ம் வருடப் போக்சோ சட்டப்படி போலீசில் சொல்லியாக வேண்டும். தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மையத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "குடும்ப மானம்", "ஊர்ப் பெரியவர் பேசி முடிச்சுக்கலாம்" என்று வருவார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ வாசலில் பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள். அந்த எழுத்தைப் பார்த்தே சிலர் தள்ளி நிற்பார்கள்.

பணம்

பிள்ளைகளுக்குப் பை கொடுக்க எல்லாரும் வருவார்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டவும் வருவார்கள். டீச்சர் சம்பளம் கொடுக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். செலவில் பாதிக்கு மேல் சம்பளம்தான். ஒரு நிறுவனம் எங்களுக்குப் பெரிய பிளாஸ்டிக் சறுக்குமரம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனது. சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்த பிள்ளைக்குத் தொடை கன்றிப்போனது. இப்போது அதன் மேல் வத்தல் காய்கிறது.

ஒரு வருடச் சம்பளம் கையில் இல்லாமல் திறக்காதீர்கள். ஐம்பது பேரிடம் மாதா மாதம் சின்னத் தொகை வாங்குவது, ஒருவரிடம் பெரிதாக வாங்குவதைவிடத் தூக்கத்துக்கு நல்லது. பெற்றோரிடமும் ஏதாவது வாங்குங்கள், இலவசம் என்றால் குறை சொல்லக் கூச்சப்படுவார்கள். நாங்கள் பணம் கேட்கவில்லை. தக்காளி, கீரை, விறகு, மாதத்தில் அரைநாள் கூட்டி மெழுகும் வேலை, முடிந்தது கொடுக்கலாம் என்றோம். "பருப்புல தண்ணி சாஸ்தியா இருக்கு" என்று ஒரு அம்மா உரிமையோடு வந்து சண்டை போட்டது இரண்டாம் வருடத்தில்தான்.

ஜூனுக்கு முன்

ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் காகிதத்தை டிசம்பரிலேயே எடுத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரே இருக்காது, "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். பிறப்பைப் பதிந்து 15 வருடம் வரை பெயர் சேர்க்கலாம். ஆனால் ஜூன் முதல் வாரத்தில் போய் நின்றால் கூட்டம். அம்மாவின் பெயர் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து என்று இருப்பதையும் அப்போதே திருத்துங்கள். சாதிச் சான்றிதழுக்கும் சேர்த்தே மனுப் போட்டுவிடலாம்.

ஏப்ரலில் பிள்ளைகளை ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு முறை கூட்டிப்போய் வகுப்பறை, கக்கூஸ், குடிதண்ணீர்க் குழாய் மூன்றையும் காட்டுங்கள். முதல் நாள் உங்கள் ஆயா கூடப் போகட்டும். அன்றைக்கும் மையம் 5.45-க்குத் திறந்தாக வேண்டும் என்பதால் முந்தின நாளே மாற்று ஆளுக்குச் சொல்லி வைத்துவிடுங்கள்.